கண்மாய்க் கரையில் மூன்று வருடம்: கோபோ, ஓபன்ஸ்ட்ரீட்மேப், யூமேப் பயன்படுத்திய அனுபவம்

மதுரையில் ஒரு கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தைக் கவனித்துக்கொள்கிறேன். மாணவர் ஒருவருக்கு வருடத்துக்கு 120 மணி நேரப் பணி, இரண்டு வருடத்தில் 240. நடுவில் ஏழு நாள் முகாம். முகாம் என்றால் பெரும்பாலும் ஒரு கண்மாய்க் கரைதான். கையுறை போட்டு, சாக்கு பிடித்து, நாள் முழுக்கக் குப்பை அள்ளுவோம். இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனால் அதே இடத்தில் அதே குவியல் கிடக்கும். "சார், அப்ப நாம அள்ளுனது வீணா?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அள்ளிய இடங்களைக் குறித்து வைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இப்போது மூன்று கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறோம். களத்தில் விவரம் எடுக்கக் கோபோடூல்பாக்ஸ். கால்வாய், பாலம், குப்பைத்தொட்டி போன்ற நிலையான பொருள்களை வரைய ஓபன்ஸ்ட்ரீட்மேப். எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்ட யூமேப். மூன்றுக்கும் நாங்கள் காசு கட்டவில்லை.

முதலில் கோபோ. கைபேசியில் சிக்னல் இல்லாவிட்டாலும் படிவத்தை நிரப்பலாம், பிறகு வைஃபை கிடைக்கும்போது அனுப்பலாம். கண்மாய்க்குள் இறங்கினால் டவர் கிடைக்காத எங்களுக்கு இது ஒன்றே போதும். படிவத்தை எக்செல் தாளில் எழுதி ஏற்றலாம், கேள்விகளைத் தமிழிலேயே கேட்கலாம். முதல் வருடம் "ஒருமுறை பயன்படுத்தும் நெகிழி" என்று எழுதி வைத்தேன். ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டார்கள். இரண்டாம் வருடம் கேரிபேக், டீ கப், தின்பண்டப் பாக்கெட், டயப்பர், கோழிக்கழிவு, மண்டபத்து இலை, கட்டட இடிபாடு என்று தெருவில் சொல்வதையே எழுதினேன். விவரம் உடனே நேரானது. ஊசியோ மருத்துவக் கழிவோ கண்ணில் பட்டதாகக் குறித்தால் "கை வைக்காதே, பொறுப்பாளரைக் கூப்பிடு" என்று திரையிலேயே வரும்படி வைத்திருக்கிறோம். மாணவர்களை இறக்கும் யாரும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

ஜிபிஎஸ் விஷயத்தில் பொறுமை வேண்டும். துல்லியம் ஐந்து மீட்டருக்குள் வரும்வரை செயலி காத்திருக்கும். திறந்த கரையில் சில நொடிகளில் கிடைத்துவிடும். மாடி வீடுகள் நெருக்கிய சந்தில் பிள்ளைகள் அவசரப்பட்டு முப்பது மீட்டர் பிசகிலேயே பதிந்துவிடுவார்கள். அப்புறம் வரைபடத்தில் குப்பை யாரோ ஒருவர் வீட்டு அடுக்களைக்குள் நிற்கும். இன்னொரு தொல்லை, ஒரே குவியலை நான்கு பேர் நான்கு பக்கமிருந்து படமெடுத்து நான்கு புள்ளியாக்குவது. இரண்டு பேருக்கு ஒரு தெரு என்று பிரித்துக் கொடுத்ததும் அது தீர்ந்தது. படத்தின் அளவை 1024 பிக்சலுக்குக் குறைக்கும் வசதி படிவத்திலேயே உண்டு. முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இலவசக் கணக்கின் சேமிப்பிடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அடுத்து ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004-ல் தொடங்கி உலகம் முழுக்க மக்களே வரைந்துவரும் வரைபடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தண்ணீர் நின்ற தெருக்களைப் பொதுமக்கள் குறித்தது இதன் மேல்தான். எங்கள் பகுதியைத் திறந்து பார்த்தபோது தெருக்கள் இருந்தன, கண்மாய் ஒரு நீலத் திட்டாக இருந்தது, வரத்துக் கால்வாயைக் காணோம். மாணவர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கோடு இழுத்தார்கள், அடுத்த வாரம் நடந்துபோய்ச் சரிபார்த்தார்கள். கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் கலுங்கு எது, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை எது என்று அங்கிருந்த ஒரு பெரியவர்தான் கைகாட்டிச் சொன்னார். மழை நல்லாப் பெய்தால் இந்தக் கண்மாய் மறுகால் போய் அடுத்த கண்மாய் நிறையும் என்றும் சொன்னார். இங்கே கால்வாயில் போட்ட பை அடுத்த ஊர் மடையை அடைக்கும் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தது அந்தக் கரையில்தான்.

இதில் இரண்டு விதிகளை நாங்கள் தவறாமல் கடைப்பிடிக்கிறோம். கூகுள் மேப்பைப் பார்த்து இதில் எதையும் நகலெடுக்கக் கூடாது, உரிமம் இடம் கொடுக்காது. குப்பைக் குவியலையும் இதில் ஏற்றக் கூடாது. இன்று இருந்து நாளை போகிற பொருளுக்கு இது இடமில்லை, அதற்குத்தான் யூமேப் அடுக்கு. கோபோவிலிருந்து இறக்கிய கோப்பில் அட்சரேகை, தீர்க்கரேகைப் பத்திகளின் தலைப்பை யூமேப்புக்குப் புரியும்படி மாற்றித் தர வேண்டும். இது தெரியாமல் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

பலன் தெரிந்தது மூன்றாவது சுற்றில். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, சில இடங்களில் மூன்று நிறமும் குவிந்திருந்தன. குறுகலான குழாய்ப் பாலத்தின் வாய் ஒன்று. இரண்டு வார்டுகள் சந்திக்கும் திருப்பம் இன்னொன்று. அங்கே அள்ளுவது யார் பொறுப்பு என்பது யாருக்கும் தெளிவில்லை. எத்தனை மூட்டை அள்ளினோம் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள், அங்கே மட்டும் ஏன் திரும்ப வருகிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இதுதான்.

அந்தத் திருப்பத்தில் ஒரு காலை ஆறரை மணிக்கு நின்றோம். ஓர் அக்கா கட்டிய பையோடு வந்தவர், கைபேசிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "எதுக்குப்பா படம் புடிக்கிறீங்க? ஏழு மணிக்கெல்லாம் நான் வேலைக்குக் கெளம்பிருவேன். குப்பை வண்டி ஒம்பதரைக்குத்தான் வருது. வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டா இருக்க முடியும்?" என்றார். படம் எடுக்க இருந்த மாணவன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். அன்று மாலை எல்லோரும் உட்கார்ந்து அதைப் பற்றித்தான் பேசினோம். ஆள் முகமும் வீட்டு வாசலும் படத்தில் விழக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தோம். தூய்மைப் பணியாளர் படத்தையும் அவர் சம்மதம் இல்லாமல் எடுப்பதில்லை. பொது வரைபடம் ஒருவரை ஊர் முன் நிறுத்தும் கருவியாகிவிடக் கூடாது.

குறை என்றால், வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் மட்டும் வேலை நடந்துவிடாது. நாங்கள் கொடுத்த புகார்களில் சில, இடத்தில் எதுவும் மாறாமலே "சரிசெய்யப்பட்டது" என்று மூடப்பட்டன. அப்போது பிள்ளைகள் முகம் வாடியதை மறக்க முடியவில்லை. ஆனால் தேதியும் படமும் கையில் இருந்ததால் மறுபடி போய்க் கேட்க முடிந்தது. குழாய்ப் பாலத்தை ஒருமுறை தூர்வாரினார்கள். வார்டு எல்லைத் திருப்பம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு வருடத்தில் மாணவர்கள் மாறிவிடுவதும் பெரிய இடைஞ்சல். கணக்கின் கடவுச்சொல், படிவம், நிற ஒழுங்கு எல்லாவற்றையும் எழுதிவைத்து அடுத்த அணிக்குக் கொடுக்கிறோம், கூடவே மூத்தவர் ஒருவர் ஒரு சுற்று உடன் நடக்க வேண்டும் என்று ஏற்பாடு.

ஒரே ஒரு நாள் முகாமுக்கு இதையெல்லாம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், கையுறையும் சாக்கும் போதும். அதே இடத்துக்கு வருடத்தில் மூன்று முறையாவது போக முடிந்தவர்கள் தாராளமாகத் தொடங்கலாம்.

ஐப்பசி மழைக்கு முன் கலுங்கிலிருந்து மேல்நோக்கி அடுத்த சுற்று நடக்கப்போகிறோம். படிவத்தில் இந்த முறை புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: "உங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, நீங்கள் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறீர்கள்?"