ஏற்காட்டு லாட்ஜ் கணக்கு ரியோகானில் செல்லாது

ஏற்காட்டில் ரூம் போடுகிறவர்கள் ரூமைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பையை வைத்துவிட்டு, ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் என்று இருட்டும்வரை சுற்றிவிட்டு வந்து படுக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். குழாயில் வெந்நீர் வந்தால் சந்தோஷம். இந்தப் பழக்கத்தோடு ஜப்பான் மலைகளில் இருக்கும் ரியோகான் என்ற பழைய பாணி விடுதிக்குப் போனால் கொடுத்த காசில் பாதி வீண். அங்கே வெந்நீர்தான் விஷயமே.

வாடகையை அறைக்கு வாங்கமாட்டார்கள், ஆளுக்கு வாங்குவார்கள். இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு இரண்டும் அதில் அடக்கம். நடுத்தரமான மலை விடுதியில் ஒருவருக்கு 15,000 முதல் 30,000 யென் வரை ஆகும். பேர்போன இடங்களில் 50,000 தாண்டும். யென்னுக்கு 60 பைசா என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 20,000 யென் விடுதியில் கணவன் மனைவிக்கு ஓர் இரவு 24,000 ரூபாய். பெரும்பாலான ஊர்களில் தலைக்கு 150 யென் குளியல் வரி தனி. டிப்ஸ் கொடுக்கிற வழக்கம் இல்லை. சனிக்கிழமை இரவுக்கு விலை ஏறும். தனி ஆளாகப் போனால் அறை தராத விடுதிகளும் நிறைய. உள்ளடங்கிய பள்ளத்தாக்குகளில் கார்டு வாங்காத இடம் இன்னும் இருப்பதால் கையில் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் மூன்று மணிக்கு அறை தருவார்கள், மறுநாள் காலை பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும். விலை இந்தப் பத்தொன்பது மணி நேரத்துக்குத்தான். இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கே தொடங்கிவிடும். ஒவ்வொரு தட்டும் நேரம் பார்த்துச் சமைத்து வரும். "ஊரைச் சுற்றிவிட்டு எட்டு மணிக்கு வருகிறோம்" என்றால் சாப்பாடு போச்சு, காசும் திரும்பாது. சுற்றுவட்டாரத்தில் திறந்திருக்கும் ஓட்டலும் அநேகமாக இருக்காது. மூன்று மணிக்கே போய், சாப்பாட்டுக்கு முன் ஒரு குளியல், படுக்கும் முன் ஒன்று, விடியற்காலையில் ஒன்று என்று மூன்று முறையாவது தண்ணீரில் இறங்குபவருக்குத்தான் இந்த விலை கட்டும்.

இனி தண்ணீர். ஜப்பானின் 1948-ஆம் ஆண்டு வெந்நீரூற்றுச் சட்டப்படி, பூமியிலிருந்து வரும் நீர் ஊற்றுக்கண்ணில் 25 டிகிரி செல்சியஸ் இருந்தாலோ, பட்டியலிட்ட 19 பொருள்களில் ஏதாவது ஒன்று போதிய அளவு இருந்தாலோ அதற்கு ஓன்சென் என்ற பெயர் உண்டு. அதனால் பெயர்ப்பலகையில் ஓன்சென் என்று இருப்பதை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது. ஊற்றிலிருந்து வரும் நீர் தொட்டியில் விழுந்து, வழிந்து, அப்படியே வெளியே போய்விட்டால் அதற்குப் பெயர் கென்சென் காகேநாகாஷி. அதே நீரை வடிகட்டிக் குளோரின் போட்டுத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டால் ஜுன்கான். இரண்டும் ஒரே விலைக்கு விற்கப்படும். முன்பதிவுக்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். உடை மாற்றும் அறைச் சுவரில் நீரின் ஆய்வறிக்கை மாட்டியிருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். அமிலத்தன்மை, ஊற்றுக்கண் வெப்பம், பச்சைத்தண்ணீர் கலந்திருக்கிறார்களா, காய்ச்சியிருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். போனின் மொழிபெயர்ப்பு போதும். ஆனால் அதை அறையில் உட்கார்ந்து இணையதளத்தில் பாருங்கள், குளியல் பக்கம் போனையே எடுக்கக் கூடாது.

சேலத்துக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வெள்ளி. கந்தகம் உள்ள ஊற்றில் கொலுசோடும் மெட்டியோடும் இறங்கினால் கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடும். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரர்களுக்கு இது புதிதல்ல, வெள்ளி மேல் கந்தகம் பட்டு உண்டாகும் வெள்ளி சல்பைடு படலம்தான் அந்தக் கறுப்பு. அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சுடுதண்ணீரும் ஆப்பசோடாவும் போட்டு, வெள்ளி அந்தத் தாளைத் தொடும்படி வைத்தால் கறுப்பு போய்விடும். ஆனால் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய வேலைப்பாடுள்ள நகையிலும், கல் ஒட்டிய நகையிலும் இதைச் செய்யக் கூடாது. 916 தங்கத்திலும் செம்பு, வெள்ளி கலப்பு இருப்பதால் மங்கலாம். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் கந்தகம் இல்லாத ஊரைத் தேர்ந்தெடுப்பது உத்தமம். மஞ்சள் கயிறாக இருந்தால் பொதுத்தொட்டி வேண்டவே வேண்டாம், சாயம் இறங்கும்.

குளிக்கும் முறை எளிதுதான். ஆனால் வரிசை மாறக் கூடாது. உடை மாற்றும் அறையில் எல்லாத் துணியையும் கழற்றிக் கூடையில் வைக்க வேண்டும். நீச்சலுடை, லுங்கி, உள்ளாடை எதற்கும் அனுமதி இல்லை. சின்னத் துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், சுவரோரக் குழாய் முன் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கத் தேய்த்துக் குளித்து, நுரை துளியும் இல்லாமல் அலச வேண்டும். தலையில் தேங்காய் எண்ணெய் வைக்கும் நம்மவர்கள் ஷாம்பூவை இரண்டு தடவை போடுவது நல்லது. எண்ணெய் தொட்டியில் மிதந்தால் அடுத்தவர் இறங்கமாட்டார். கூந்தலை உச்சியில் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு தொட்டி நீரையே மொண்டு காலில் தொடங்கி மேல்நோக்கி ஊற்றி உடம்பைச் சூட்டுக்குப் பழக்கிவிட்டு மெல்ல இறங்க வேண்டும். துண்டு தண்ணீரில் படக் கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள்.

நீர் 40 முதல் 42 டிகிரி இருக்கும். முதல் முறை ஐந்து நிமிடம் போதும், பத்தைத் தாண்ட வேண்டாம். தலை சுற்றல் வருவது பெரும்பாலும் எழும்போதுதான். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும் நேரத்தில் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் சரிகிறது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிதானமாக எழ வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் தேநீரோடு ஓர் இனிப்பு வைத்திருப்பார்கள். வெறும் வயிற்றில் இறங்காமல் இருக்க அதைச் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. சாராயம் குடித்துவிட்டு இறங்குவது ஆபத்து. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். அணையாடை கட்டும் வயதுக் குழந்தைகளைப் பொதுத்தொட்டியில் விடமாட்டார்கள். பச்சை குத்தியிருந்தால் சில இடங்களில் தடை உண்டு. பாட்டியின் கையில் இருக்கும் கோலப் பச்சைக்கும் அதே விதிதான், முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது.

ஆண் பக்கத்துக்கு நீலத் திரை, பெண் பக்கத்துக்குச் சிவப்புத் திரை தொங்கும். பல விடுதிகளில் இரவோடு இரவாக இரண்டையும் மாற்றிவிடுவார்கள், எல்லோரும் இரண்டு பக்கத் தொட்டியையும் அனுபவிக்கட்டும் என்று. நேற்றுப் போன வாசல்தானே என்று காலையில் தூக்கக் கலக்கத்தில் நுழைந்தால் வம்பு.

பிறர் முன் உடை களைவது முடியாத காரியம் என்றால் காஷிகிரி கேளுங்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் குடும்பமாகக் குளிக்கும் தனித்தொட்டி அது. முக்கால் மணி நேரம் தருவார்கள். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் 2,000, 3,000 யென். அறையோடு சேர்ந்த திறந்தவெளித் தொட்டி இன்னும் வசதி, ஆனால் வாடகை எகிறும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு: அறைத் தொட்டிக்கு வெறும் காய்ச்சின குழாய்த் தண்ணீரை விடும் விடுதிகள் இருக்கின்றன. ஊற்று நீர்தானா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில்தான் நம்மவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் வைப்பார்கள். மீனும் வேண்டாம் என்றால் கண்ணுக்குத் தெரியும் மீனை எடுத்துவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியாத மீன் இருக்கும். கட்சுவோபுஷி என்ற உலர்ந்த சூரை மீனைச் சீவிக் கொதிக்கவைத்து வடித்த சாறான தாஷி மிசோ சூப், வேகவைத்த காய், பஜ்ஜி போன்ற தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் உண்டு. நம் கடற்கரைப் பக்கத்து மாசிக்கு நெருங்கிய உறவு அது. ஆகவே இறைச்சி, கோழி, மீன், இறால், முட்டை என்று ஒவ்வொன்றாக எழுதி, "கட்சுவோ தாஷியும் கூடாது; கொம்பு கடற்பாசி, ஷிடாகே காளான் தாஷி சரி" என்று சேர்த்து, முன்பதிவோடேயே அனுப்ப வேண்டும். ஒரு வாரத்துக்குக் குறைந்த அவகாசம் கொடுத்தால் மாற்றித் தருவது கஷ்டம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும், பெரிய விடுதிகளின் முக்கியப் பதார்த்தமே பெரும்பாலும் அதுதான். முடியாது என்று பதில் வந்தால் கோபப்பட வேண்டாம், நேர்மையான பதில் அது. "பார்க்கலாம்" என்ற பதில்தான் கவலை தர வேண்டும்.

கறாரான சைவக் குடும்பத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வகாயாமா மாவட்டத்துக் கோயாசான் மலை. அங்கே ஐம்பது சொச்சம் பௌத்தக் கோயில்கள் தங்க இடம் தருகின்றன. ஷோஜின் என்ற துறவிச் சமையலில் மீன் தாஷியும் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. அவற்றில் வெந்நீரூற்றும் வேண்டும் என்றால் ஃபுகுச்சி-இன். இன்னொன்று, தோஜி விடுதிகள். விவசாயிகள் வாரக்கணக்கில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போன இடங்கள் இவை. பொதுச் சமையலறை, பாத்திரம் எல்லாம் இருக்கும், வாடகை பாதிக்கும் கீழே. இவாத்தே மாவட்டம் ஹனமாகி பக்கத்து ஓசாவா ஓன்சென் இதற்கு நல்ல உதாரணம். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி கொண்டுபோய்ச் சோறு வடித்துக்கொள்ளலாம். பச்சைக் கறிவேப்பிலையும் சேலத்து மாம்பழமும் பெட்டியில் கூடாது. தாவரச் சுகாதாரச் சோதனையில் விமான நிலையத்தைத் தாண்டாது.

எந்த ஊர் என்றால், முதல் முறைக்கு குன்மா மாவட்டத்து ஷிமாவைச் சொல்வோம். டோக்கியோ உவேனோவிலிருந்து ரயிலில் நகனோஜோ, அங்கிருந்து பேருந்தில் முக்கால் மணிக்குள். நீர் மென்மையானது, நகைக்கும் தோலுக்கும் பயமில்லை. அங்குள்ள செகிசென்கானின் பழைய கட்டடம் 1691-இல் எழுந்தது, 1930-இல் கட்டிய வளைவு ஜன்னல் குளியல்கூடம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பழைய கட்டடத்தில் சாப்பாடு எளிமை, வாடகையும் குறைவு. படி அதிகம், சுவர் மெல்லியது, பக்கத்து அறைக் குறட்டை கேட்கும். வயதானவர்களுக்கு அதே விடுதியின் மேல்தளக் கட்டடங்கள் பொருத்தம்.

குசாத்சு அதே மாவட்டம்தான், ஆனால் நீரின் குணமே வேறு. அமில அளவு 2-ஐ ஒட்டி இருக்கும், அதாவது எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு. சிராய்ப்பு, புதிதாக ஷேவ் செய்த தோல் இருந்தால் எரியும். கண்ணில் படவிடாதீர்கள், கடைசியில் நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள். ஊற்று நீர் 50 டிகிரிக்கு மேல் வருவதால், பச்சைத்தண்ணீர் கலந்து நீர்த்துப்போக விடாமல் நீளப் பலகையால் அலசி ஆற்றும் யுமோமி வழக்கம் இந்த ஊருடையது. ஊர் நடுவே ஆவி பறக்கும் யுபாதகே மர வாய்க்கால்களைப் பார்க்கக் காசு வேண்டாம்.

வட ஜப்பானின் அகிதாவில் இருக்கும் நியூத்தோவின் சுருனோயு, போட்டோவில் பார்த்து எல்லோரும் ஆசைப்படும் இடம். 1638 முதல் பிரபுக்கள் வந்து குளித்த ஊற்று, கூரை வேய்ந்த வரிசை வீடு, பால் போல வெளுத்த கந்தக நீர். அந்தத் திறந்தவெளித் தொட்டி ஆண் பெண் இருவருக்கும் பொது என்பது போட்டோவில் தெரியாது. பெண்களுக்குத் தனித்தொட்டி உண்டு. டோக்கியோவிலிருந்து தசாவாகோ வரை புல்லட் ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி, பிறகு பேருந்து. அல்பா கொமாகுசா நிறுத்தத்தில் விடுதி வண்டி வந்து கூட்டிப்போக முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இரவுக் குழம்பு மலைக்கிழங்கு உருண்டையோடு பன்றி இறைச்சி சேர்ந்தது, சைவர்கள் கவனம்.

தெற்கே குமமோத்தோவின் குரோகாவாவுக்குப் போனால் மரவில்லை வாங்குங்கள். ஒரு வில்லைக்கு மூன்று விடுதிகளின் தொட்டிகளில் குளிக்கலாம். 1986-இல் ஊர் விடுதிக்காரர்கள் கூட்டாகத் தொடங்கிய ஏற்பாடு அது, ஒரு விடுதியில் மட்டும் தங்கி நான்கு வகைத் தொட்டி பார்த்துவிடலாம்.

அறைக்குள் பாயில் செருப்பு கூடாது, கழிப்பறைக்குத் தனிச் செருப்பு, அதோடு வெளியே வந்துவிடுவது எல்லோருக்கும் நேர்வது. யுகாதா அங்கியில் வலப்பக்கத்தை முதலில் உடம்போடு ஒட்டி, இடப்பக்கத்தை மேலே போட வேண்டும். மாற்றிக் கட்டுவது பிணத்துக்கு. படுக்கை தரையில்தான். மூட்டு வலிக்காரர்கள் கட்டில் உள்ள அறையையும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தையும் கேட்டு வாங்க வேண்டும். பெரிய பெட்டிகளை மலைக்கு இழுக்காமல் தக்கியூபின் பார்சலில் அடுத்த நகர ஓட்டலுக்கு அனுப்பிவிடுங்கள், பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேரும். இலையுதிர் காலத்தில் அறையில் ஒட்டு டேப் சுருள் ஒன்று காரணமில்லாமல் இருப்பதுபோல் இருக்கும். காமெமுஷி என்ற நாற்றப்பூச்சி வந்தால் நசுக்காமல் ஒட்டி மடிப்பதற்கு அது. நசுக்கினால் அன்றிரவு தூக்கம் கெடும்.

நம் பள்ளி விடுமுறை மே மாதம். ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5, 6 வரை ஜப்பானியர்களுக்கும் தொடர் விடுமுறை. அறையும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது. மே இரண்டாம் வாரத்துக்கு மேல் போடுங்கள். பெங்களூரிலிருந்து நரிதாவுக்கு நேரடி விமானம் இருப்பதால் சேலத்திலிருந்து சென்னைக்குப் போக வேண்டியதில்லை. ரத்து செய்தால் பிடிக்கும் தொகை விடுதிக்கு விடுதி வேறு; பல இடங்களில் ஒரு வாரத்துக்கு முன்பே பிடித்தம் தொடங்கி, அன்றைக்கே சொன்னால் முழுத் தொகையும் போய்விடும். விமான டிக்கெட் உறுதியாகாமல் விடுதிக்குப் பணம் கட்டாதீர்கள்.