நாடகம் படிக்கப் பினாங்கா, கோலாலம்பூரா?

பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்து நாடகத்துறையில் பட்டம் பெற விரும்பும் நம் பிள்ளைகள் பலர் இரண்டு இடங்களைப் பற்றியே விசாரிக்கிறார்கள். ஒன்று பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளி. மற்றொன்று கோலாலம்பூரில், ஜாலான் துன் இஸ்மாயிலிலுள்ள அஸ்வாரா என்னும் தேசியக் கலை, பண்பாடு, மரபுக் கழகம். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் கற்பிக்கிறார்கள் என்றாலும், நான் எடைபோட்டுப் பார்த்தது இந்த இரண்டையும்தான். இறுதியில் அஸ்வாராவில் சேர்ந்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

வெளிப்படையான வேறுபாடுகளை விரைவாகக் கடந்துவிடலாம். இரண்டும் அரசு நிறுவனங்கள் என்பதால் தனியார் கல்லூரிகளின் கட்டணம் இங்கே இல்லை. வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தலைநகரில் கூடுதல்தான். நாடகம் பார்ப்பதற்கு 1999இல் திறக்கப்பட்ட தேசிய அரங்கமான இஸ்தானா புடாயாவும், 2005இல் செந்தூலில் தொடங்கிய கே.எல்.பேக் அரங்கமும் கோலாலம்பூரில் இருக்கின்றன. பினாங்கில் 2011 முதல் ஸ்திரெய்ட்ஸ் கீயில் பினாங் பேக் அரங்கம் இருக்கிறது. தொலைக்காட்சி, வானொலி வாய்ப்புகளைத் தேடுபவர், அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம். அங்காசாபுரியிலும், தனியார் நிறுவனமான ஆஸ்ட்ரோ புக்கிட் ஜாலிலிலும் கோலாலம்பூரிலேயே இருப்பதை நினைவில் கொண்டால் போதும்.

பினாங்கின் பெருமை அதன் கல்விமரபு. 1969இல் நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், 1970களின் தொடக்கத்திலேயே நாடகத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக ஏற்றுக்கொண்டது. கிளந்தான் மாநிலத்தின் மரபு நாட்டிய நாடகமான மாக் யோங் குறித்து ஆழமாக ஆராய்ந்த குலாம் சர்வார் யூசோப் பல ஆண்டுகள் பணியாற்றிய இடமும் அதுவே. போதாதற்கு, பங்சாவான் என்னும் மேடைநாடகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்ததும் பினாங்கில்தான். இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து உருவான கலை அது. நாடக வரலாறு, திறனாய்வு, முதுகலை ஆய்வு என்று மேலே செல்ல நினைப்பவரைப் பினாங்குக்குப் போகச் சொல்ல நான் தயங்கமாட்டேன். அங்கே மாணவர் தயாரிப்புகளைப் பார்வையாளனாகப் பார்த்திருக்கிறேனே தவிர வகுப்பில் அமர்ந்ததில்லை. எனவே கற்பிக்கும் முறையைக் குறித்து இதற்குமேல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

என்னை அஸ்வாரா பக்கம் திருப்பிய காரணம் ஒன்றுதான்: மரபுக் கூத்தை அங்கே உடம்பில் ஏற்றுகிறார்கள். 1994இல் தேசியக் கலைக் கழகமாகத் தொடங்கப்பட்டு, 2006இல் இன்றைய பெயரைப் பெற்ற அந்நிறுவனத்தில், கிளந்தான் மூத்த கலைஞர்களிடமிருந்து வந்த பயிற்சி முறை இன்றும் தொடர்கிறது. இதன் அருமை புரிய, 1991இல் கிளந்தான் மாநில அரசு மாக் யோங்கைப் பொதுவில் நிகழ்த்தத் தடை விதித்ததையும், 2005இல் யுனெஸ்கோ அதே கலையை மானுடத்தின் அரிய மரபுச் செல்வமாக அறிவித்ததையும், அதன் பிறகும் 2019இல்தான் அத்தடை நிபந்தனைகளோடு தளர்ந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறந்த மண்ணில் மேடை இல்லாதிருந்த அந்த ஆண்டுகளில், ஒரு மாணவன் மாக் யோங்கை முறையாகக் கற்கத் தலைநகரம் ஒரு வழியாக இருந்தது.

மாக் யோங்கின் தொடக்க ஆடலான மெங்ஹாடாப் ரெபாப்பையே எடுத்துக்கொள்வோம். ரெபாப் என்னும் நரம்பிசைக் கருவியை வில்லால் இசைப்பவரை நோக்கித் தரையில் அமர்ந்து, கைவிரல்கள் பின்னோக்கி வளைய, உடல் கொஞ்சம் கொஞ்சமாக எழ வேண்டும். பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காதது போலிருக்கும். ஆடுபவருக்கோ தொடை நடுங்கும், முழங்கால் கெஞ்சும். இதைப் புத்தகத்தில் படித்து எழுதும் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கலாம், ஆனால் எழுந்து நிற்க முடியாது. ஆண் மாணவர்களுக்குப் பெரும்பாலும் கோமாளியான பெரான் வேடமே அமைகிறது. அரசன் வேடமான பாக் யோங்கைப் பெண்கள் ஏற்பதே வழக்கம். பிளந்த மூங்கில் கட்டால் பாக் யோங் அடிக்க, பெரான் வாயாடியபடியே அடியை வாங்கிக்கொள்ளும் காட்சியில், நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனைப் பார்த்தவர்கள் உடனே ஒட்டிக்கொள்வார்கள். கிளந்தான் நிழற்கூத்தின் அடிப்படைக் கதையும் இராமாயணமே. ஸ்ரீ ராமாவும் சித்தி டேவியும் யார் என்று நமக்கு விளக்கத் தேவையில்லை. கதையில் செலவாகாத அந்தக் கவனத்தைக் குரலுக்குக் கொடுக்கலாம்.

இடறும் இடம் மொழி. தமிழ்ப்பள்ளியில் தொடங்கிப் பின்னர் மலாய்மொழிப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஏட்டு மலாய் சிக்கலில்லை. ஆனால் மாக் யோங் பேசுவது கிளந்தான் வட்டார வழக்கு. அதில் 'மாக்கான்' (சாப்பிடு) என்பது 'மாக்கே' ஆகிவிடும். எழுதிவைத்துப் படித்து இது வராது. காதால் கேட்டு, திருத்தப்பட்டு, மறுபடி சொல்லித்தான் வரும். கிளந்தான் நண்பர்களோடு விடுதி அறையைப் பகிர்ந்துகொள்வது இதற்கு வகுப்பைவிட அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

தமிழ் மேடைக்குத் திரும்ப விரும்புவோருக்கு இந்த உடற்பயிற்சி நேரடியாகக் கைகொடுக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் நாட்டிய நாடகம் செய்பவரோடும், தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளைக் கூட்டி அரைமணி நேர நாடகம் போடுபவரோடும் வேலை செய்யும்போது, மேடையில் நிற்கவும் மூச்சை அடக்கவும் தெரிந்தவருக்கு உடனே இடம் கிடைக்கிறது. ஆனால் பாடமுறை மாறிக்கொண்டே இருப்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் பாடப்பட்டியலைக் கேட்டு வாங்கி, மரபுக் கூத்துக்கு எத்தனை பருவங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை இரண்டு இடங்களிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.