மூர்க் பள்ளத்தாக்கில் தங்க எந்த ஊர்: டோன்பாக்கா, குளோஸ்டர்ரைக்கன்பாக்கா?

ஜெர்மனியின் கருங்காட்டில் இருக்கிறது பயர்ஸ்பிரோன். ஊராட்சி ஒன்றுதான்; டோன்பாக், குளோஸ்டர்ரைக்கன்பாக் என்று ஊர்கள் பல. மூர்க் ஆறும் அதில் வந்து சேரும் ஓடைகளும் குடைந்த பள்ளத்தாக்குகளில் அவை சிதறிக் கிடக்கின்றன. பரப்பு சுமார் 190 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 15,000 பேர். மற்றதெல்லாம் பெரும்பாலும் காடு. அதனால் ரூம் போடும் முன் எந்தப் பள்ளத்தாக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டோன்பாக் ஒரு கிளைப் பள்ளத்தாக்கு. சாலை மேலே ஏறி காட்டோடு முடிந்துவிடும். வேறு ஊருக்குப் போகிற வண்டிகளின் இரைச்சல் கிடையாது. 1789-இல் தொடங்கிய டிராவ்பே டோன்பாக் ஹோட்டல் இங்கேதான். அதன் ஷ்வார்ட்ஸ்வால்ட்ஷ்டூபே உணவகம் மிஷலின் உணவக வழிகாட்டியின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம் பெற்றது. 2020 ஜனவரியில் பழைய கட்டடம் தீயில் போனது. 2022-இல் புதுக் கட்டடத்தில் மறுபடி அடுப்பு மூட்டினார்கள். இதே ஊராட்சியின் மிட்டல்டாலில் உள்ள பராய்ஸ் உணவகத்துக்கும் மூன்று நட்சத்திரம். சாப்பாட்டுக்காகவே போகிறவர்களுக்கு டோன்பாக்தான் சரி. ஆனால் ரயில் கிடையாது, பஸ் நேரம் பார்த்தே நாள் ஓடும்.

குளோஸ்டர்ரைக்கன்பாக் மூர்க் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. 1082-இல் ஹிர்சாவ் துறவிகள் மடம் அமைத்த ஊர். பழைய கல் தேவாலயம் இன்றும் நிற்கிறது. இங்கிருந்து மேலே உள்ள ஃபிராய்டன்ஸ்டாட் நகருக்கு 1901-இல் ரயில் வந்தது. ஏற்றம் கடுமை என்பதால் அன்று பல்சக்கரத் தண்டவாளம் போட வேண்டியிருந்தது. கீழ்ப்பக்கப் பாதையோடு இணைந்தது 1928-இல்தான். இன்று கார்ல்ஸ்ரூவேயிலிருந்து நேராக வந்து இறங்கலாம். இங்கே தங்குபவர்களுக்குத் தரும் கோனுஸ் அட்டை இருந்தால் கருங்காட்டுப் பஸ், ரயிலுக்கு டிக்கெட் வேண்டாம். காரில்லாத குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய மிச்சம்!

இன்னொரு ஊரான ஓபர்டாலும் அழகுதான், ஆனால் கார் இருந்தால் மட்டும்.

சாப்பாட்டில் ஒன்று: முட்டை சாப்பிடும் சைவக்காரர்கள் எந்த ஊரிலும் கேஸ்ஷ்பெட்ஸ்லே கேளுங்கள், முட்டை மாவில் செய்து பாலாடைக்கட்டி உருக்கிப் போட்டது. மௌல்டாஷன் என்ற, பூரணம் வைத்த மாவுப் பண்டத்துக்குள் பெரும்பாலும் இறைச்சி இருக்கும்.

மூன்று நாள், கையில் காரில்லை என்றால் நான் குளோஸ்டர்ரைக்கன்பாக்கையே சொல்வேன். அப்புறம் ஒரு காலையில் பயர்ஸ்பிரோன் ஸ்டேஷனில் இறங்கி சாங்கன்பாக் அருவிக்கு நடங்கள். அருவியின் உச்சியில் ஒரு சின்ன மரப் பலகை மதகு உண்டு. அதை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி, திறந்துவிட்டால் போதும். மெலிந்து வழிந்த ஓடை பாறையில் மோதி இரைந்து கொட்டும். குழந்தைகள் அந்த இடத்தை விட்டு லேசில் நகர மாட்டார்கள்.