சிறுமலை டென்ட் முகாம்: குழந்தைகளோடு தனியாகப் போகும் தாய்மார்கள் கவனிக்கவும்

சிறுமலையில் 'குடும்பங்களுக்கு மட்டும்' என்று விளம்பரம் செய்து டென்ட் வாடகைக்கு விடும் ஒருவர், கடந்த ஐப்பசித் தொடக்கத்தில் என்னையும் என் பிள்ளைகளையும் ஏமாற்றினார். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. கணவர் சவுதியில் வேலை பார்க்கிறார். எங்கே போனாலும் பிள்ளைகளை நான் ஒருத்தியாகத்தான் கூட்டிப்போகிறேன். பணம் போன வருத்தத்தில் மட்டும் இதை எழுதவில்லை. அவர் கையாளும் முறையைத் தெரிந்துகொண்டால் நீங்கள் தப்பிக்கலாம். அதற்காகத்தான் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

முன்பதிவு செய்யும்போதே எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் கேட்டு எழுத்தில் வாங்கினேன். ஏரியைப் பார்த்த சமதளம், மழை தாங்கும் இரட்டைத் துணி டென்ட், பக்கத்திலேயே விளக்குடன் கழிப்பறை, டென்ட் வரைக்கும் கார் வரும், இரவுக் காவலாளி உண்டு, ஆண்கள் மட்டும் வரும் குழுக்களுக்கு இடம் இல்லை. ஓர் இரவுக்குச் சாப்பாட்டோடு ஆறாயிரம் ரூபாய், பாதி முன்பணம். "இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நான் மட்டும்தான் வருகிறேன்" என்றும் எழுதினேன். "கவலையே வேண்டாம் மேடம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று உடனே பதில் வந்தது.

மதுரையிலிருந்து வாடிப்பட்டி வழியாகத் திண்டுக்கல் போய், பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மூன்று மணிக்கு முன்பே மேலே சேர்ந்துவிட்டோம். தொலைபேசியில் அழைத்தேன். "டென்ட்டைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள், அகஸ்தியர்புரம் பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். நான்கு மணிக்கு அழைத்தால், "பையன் கிளம்பிவிட்டான்." ஐந்து மணிக்கு, "வண்டி பஞ்சர், இதோ வந்துவிடுவான்." பிள்ளைகள் சாலையோரக் கடையில் மலை வாழைப்பழம் தின்று, அலுத்து, காருக்குள்ளேயே சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். ஜீப் வந்தபோது ஆறு மணி தாண்டியிருந்தது. ஐப்பசியில் அந்நேரம் இருட்டிவிடும். அன்று மேகமும் இறங்கி, தூறல் தொடங்கியிருந்தது.

ஜீப்பில் வந்த பையன் அப்போதுதான் சொன்னான்: ஏரிப் பக்கம் நிரம்பிவிட்டதாம், வேறோர் இடம் தயார் செய்திருக்கிறார்களாம், அங்கே கார் ஏறாதாம். காரைக் கடை வாசலில் விட்டுவிட்டு ஜீப்பில் வர வேண்டும், போக வர ஆயிரத்து ஐந்நூறு தனி. உரிமையாளரை அழைத்தேன். தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் என்னால் என்ன செய்திருக்க முடியும்? மூடுபனியில், மழை ஈரத்தில், காட்டுமாடு குறுக்கே வரும் பாதையில், பின்னிருக்கையில் இரண்டு குழந்தைகளோடு அத்தனை வளைவுகளையும் இறங்க வேண்டும். கூட இன்னொரு பெரியவர் இருந்தால் ஒருவர் சாலையைப் பார்ப்பார், ஒருவர் பிள்ளைகளைப் பார்ப்பார். தனி ஆளுக்கு அது முடியாது. முடியாது என்பது அந்த மனிதருக்கும் தெரியும். மூன்று மணிக்கே அந்த இடத்தைக் காட்டியிருந்தால் திரும்பியே போயிருப்பேன். அதற்காகத்தான் இருட்டும்வரை இழுத்தடித்தார்.

இடம் ஒரு வாழைத்தோட்டத்துச் சரிவு. டென்ட் ஒற்றைத் துணி. மேலே போர்த்தும் மழைத்துணி இல்லை. காவலாளி என்று யாரும் இல்லை, இருபது வயதுகூட ஆகாத அந்தப் பையன் மட்டும்தான். பக்கத்து டென்ட்டுகளில் எட்டுப் பத்து ஆண்கள் குடித்துக்கொண்டு, ஸ்பீக்கரை அலறவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை மற்றவர்கள் சின்ன விஷயமாக நினைப்பார்கள். அது சரிவின் மேல்பக்கம், வரப்பில் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. விளக்கு இல்லை, உள்தாழ்ப்பாளும் இல்லை. நான்கு வயதுக் குழந்தை இரவில் எழுப்புகிறாள் என்றால், தூங்கும் மகனைத் தனியே விட்டுப் போக முடியுமா? அதுவும் குடித்தவர்கள் பத்தடியில் இருக்கும்போது? அவனையும் எழுப்பி, செருப்பு மாட்டி, அவளை இடுப்பில் தூக்கி, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, "அம்மா துப்பட்டாவை விடாதே" என்று சொல்லிக்கொண்டே வழுக்கும் மண்ணில் ஏற வேண்டும். போய்ச் சேர்ந்ததும் கதவைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரத்தில் மகனுக்கு. எனக்கு வேண்டும் என்றால் பிள்ளைகள் இருவரும் வெளியே இருட்டில் நிற்க வேண்டும். நான் அன்று இரவு முழுவதும் அடக்கிக்கொண்டேன். 'பக்கத்திலேயே கழிப்பறை' என்று அவரிடம் எழுதி வாங்கியது இதற்காகத்தான். அந்தப் பொய்யைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

குளிரில் மகள் நடுங்குவதைப் பார்த்து, அந்தப் பையன் ஒரு இரும்புச் சட்டியில் கனிந்த கரியைக் கொண்டுவந்து, "உள்ளே வைத்து ஜிப்பை மூடிக்கொள்ளுங்கள் அக்கா, கதகதப்பாக இருக்கும், புகையே வராது" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். உடனே வெளியே எடுத்துப் போகச் சொன்னேன். புகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய இடத்தில் அது சேர்ந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே இறந்துவிடுவார்கள். எந்த முகாமில் யார் கொடுத்தாலும் கரியடுப்பையும் பார்பிக்யூ அடுப்பையும் டென்ட்டுக்குள்ளோ அறைக்குள்ளோ வைக்காதீர்கள்.

பதினொரு மணிக்கு மேல் மழை பிடித்தது. சரிவில் வந்த தண்ணீர் நேராக டென்ட்டுக்குள் புகுந்து, படுக்கை நனைந்தது. தோட்டத்துக் காவல்வீட்டில் இருந்த ஒரு வயதான அம்மா சத்தம் கேட்டு விளக்கோடு வந்து, "பச்சைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இங்கே ஏன் தாயி கிடக்கிறாய், உள்ளே வா" என்று அழைத்துப் போனார். உலர்ந்த சேலையைப் பிள்ளைகளுக்குப் போர்த்தினார். காலையில் சுக்குக் காபி கொடுத்தார். எவ்வளவு வற்புறுத்தியும் பணம் வாங்கவில்லை. அவருக்கு என் வணக்கம்.

விடிந்ததும் கடை வாசலில் விருதுநகரிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு தம்பதியைச் சந்தித்தேன். அவர்களையும் மாலை முழுவதும் இதே போல அலையவிட்டு, அதே பஞ்சர் கதையைச் சொல்லி, இருட்டிய பிறகு வேறொரு தோட்டத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஏரிக்கரையில் அவருக்கு டென்ட்டே கிடையாது என்று கடைக்காரர் சொன்னார்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "மலை என்றால் மழை வரத்தான் செய்யும் மேடம், அனுசரித்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிவிட்டு என் எண்ணைத் தடுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்தேன். மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இணையம் வழியே மனு கொடுத்திருக்கிறேன். சம்பவம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்ததால் அங்கேதான் அலைய வேண்டும் என்று நினைக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் எதிர்த்தரப்பின் முகவரி வேண்டும். பணம் அனுப்பிய ரசீதில் பெயர் மட்டும்தான் இருந்தது, அதுவும் வேறு யாருடைய பெயரோ. தோட்டத்து உரிமையாளரைத் தேடிப் பிடித்துத்தான் முகவரி வாங்கினேன். எனவே முன்பணம் அனுப்பும் முன்பே முகவரியைக் கேளுங்கள். தர மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

"தனியாக ஏன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாய்?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். ஏன் போகக் கூடாது? அப்பா அருகில் இல்லாத பிள்ளைகள் மலையும் மழையும் பார்க்காமலே வளர வேண்டுமா? பொய் சொல்லிக் காசு வாங்கியவரை விட்டுவிட்டு என்னைக் கேட்பது நியாயமில்லை. நான் இனியும் போவேன். நேரடியாக மதியத்துக்குள் சேர்வேன், பகல் வெளிச்சத்தில் டென்ட்டையும் கழிப்பறையையும் பார்ப்பேன், மூன்று மணிக்குள் இடத்தைக் காட்டாவிட்டால் காரைத் திருப்புவேன். காரை விட்டுப் பிரிய மாட்டேன்.

இன்னொன்று. இதே ஆள் 'காட்டுக்குள் இரவு நடை' என்றும் தனியாகக் காசு கேட்டார். வனத்துறை அனுமதிச் சீட்டு எங்கே என்றதும் பேச்சை மாற்றிவிட்டார். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போய்க் காட்டுத்தீயில் சிக்கியவர்களை நம் இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுவந்த நாள்களை மதுரைக்காரர்கள் மறந்திருக்க முடியாது. அனுமதி இல்லாமல் யார் அழைத்தாலும் வனத்துக்குள் குழந்தைகளைக் கூட்டிப்போகாதீர்கள்.

அவர் இப்போது பெயரை மாற்றி, அரையாண்டு விடுமுறைக்கு மறுபடி விளம்பரம் போடுகிறார். ஏரிக்கரையில் மஞ்சள் டென்ட்டுகள், மேலே வண்ண விளக்குச் சரம், 'குழந்தைகளுக்குப் பாதி விலை' என்ற வரி. இடத்தின் பெயரைக் கேட்டால், "மேலே வந்து அழையுங்கள், ஜீப் அனுப்புகிறோம்" என்பார்.