குவி பரிணாம மாதிரிப் பெட்டி: மண்டையோடு பிரமாதம், டால்பின் வால் சொதப்பல்

உறவில் தொலைவான உயிரினங்கள் ஒரே மாதிரி வாழ்வதால் ஒரே மாதிரி வடிவம் பெறுவதுதான் குவி பரிணாமம். அதைக் காட்டப் பள்ளி ஆய்வகத்துக்கு வாங்கிய ரெசின் மாதிரிகள் இவை. இரண்டு மண்டையோடுகள், நான்கு இறக்கைகள், மூன்று கடல் விலங்குகள்.

பெட்டியின் விலை மண்டையோடுகளுக்கே தகும். ஒன்று ஓநாய், இன்னொன்று டாஸ்மேனியப் புலி. மேசையில் அருகருகே வைத்தால் மேல்வகுப்புப் பிள்ளைகளே திணறுகிறார்கள். நீண்ட முகவாய், கோரைப் பற்கள், கன்ன எலும்பின் வளைவு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் டாஸ்மேனியப் புலி, கங்காருவைப்போல் குட்டியைப் பையில் வளர்த்த விலங்கு. கடைசியாக அறியப்பட்டது 1936இல் ஹோபார்ட் விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. ஓநாயின் பரம்பரையும் அதன் பரம்பரையும் டைனோசர் காலத்திலேயே பிரிந்தவை.

இப்போது இரண்டையும் கவிழ்த்துப் பாருங்கள். புலியின் மேலண்ணத்தில் பின்பக்கமாக இரண்டு பெரிய ஓட்டைகள். ஓநாய்க்கு அந்த இடம் எலும்பால் மூடியிருக்கும். மேல்தாடையில் வெட்டும் பற்கள் ஓநாய்க்கு 6, புலிக்கு 8. கீழ்த்தாடையின் பின்முனை புலிக்கு உள்பக்கம் மடிந்திருக்கும். அத்தனையும் சரியாக வார்த்திருக்கிறார்கள். தாடையைப் பிடிக்கும் கம்பி மட்டும் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது.

இறக்கைகளும் பரவாயில்லை. வௌவாலுக்கு நான்கு விரல்கள் நீண்டு தோலைத் தாங்குகின்றன. டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனவான டெரோசருக்கு நான்காம் விரல் ஒன்றே அந்த வேலையைச் செய்கிறது. பறவைக்கு விரல்கள் ஒட்டிச் சிறுத்து, பாரம் இறகுகளுக்குப் போய்விட்டது. கையேடோ நான்கையும் ‘செயல் ஒத்த உறுப்புகள்’ (வேலை ஒன்று, தோற்றம் வேறு) என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. பட்டாம்பூச்சிக்கு அது சரி, அதன் இறக்கையில் எலும்பே கிடையாது. மற்ற மூன்றும் முன்னங்கால் என்ற அளவில் அமைப்பு ஒத்தவை, அதாவது ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. பறக்கும் இறக்கையாகத்தான் தனித்தனியே உருவானவை. இதை ஒரு சீட்டில் எழுதி மூடியின் உள்ளே ஒட்டி வைத்திருக்கிறேன்.

அப்புறம் அந்த டால்பின். சுறாவுக்கும், டைனோசர் காலத்துக் கடல் ஊர்வனவான இக்தியோசருக்கும் வால் நிமிர்ந்து நிற்கும், பக்கவாட்டில் வீசும். டால்பின் தரையில் நடந்த பாலூட்டிகளின் வழி வந்தது. முதுகெலும்பு மேலும் கீழுமாக வளையும், அதனால் வால் படுக்கையாக இருக்கும். இங்கே அதையும் நிமிர்த்தி ஒட்டிவிட்டார்கள்! இத்தனைக்கும் சுறாவின் முதுகெலும்பு வாலின் மேல் மடலுக்கும், இக்தியோசருடையது கீழ் மடலுக்கும் போவதைக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவ்வளவு தெரிந்தவர்கள் இதில் எப்படிக் கோட்டை விட்டார்களோ. புகார் செய்ததும் மாற்று அனுப்பினார்கள். அதிலும் அதே நிமிர்ந்த வால்.

வால் ஒரு சதுர முளையில்தான் செருகியிருக்கிறது. பசையைச் சுரண்டிக் கழற்றி, கால் சுற்றுத் திருப்பி மறுபடி ஒட்டினால் சரியாகிவிடும். அந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடலாம். 5க்கு 3 நட்சத்திரம். மண்டையோடுகளைத் தனியாக விற்றால் அவற்றுக்கு 5.