மூன்று மாதத்தில் ஓர் அரண்மனை

முப்பது ஆண்டுகள் திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் கொத்தனாராக வேலை பார்த்த என் அப்பாவுடன் உட்கார்ந்து, சென்ற ஞாயிற்றுக்கிழமை ‘அஸ்டெரிக்ஸ் அண்ட் ஓபிலிக்ஸ்: மிஷன் கிளியோபாட்ரா’ படத்தை மறுபடியும் பார்த்தேன். அலேன் ஷபா எழுதி இயக்கி, சீசராகவும் நடித்து 2002இல் வெளிவந்த இந்தப் பிரெஞ்சுப் படம், கோசினி எழுத யுடெர்ஸோ வரைந்த சித்திரக்கதையிலிருந்து எடுக்கப்பட்டது. சிவகாசியிலிருந்து வரும் காமிக்ஸில் லக்கி லூக்கைப் படித்து வளர்ந்த நம் ஊர் வாசகர்களுக்குக் கோசினி புதியவர் அல்லர். அந்தக் கௌபாயின் கதைகளையும் பல ஆண்டுகள் எழுதியவர் அவர்தான்.

எகிப்தியரின் பெருமையெல்லாம் பழங்கதை என்று சீசர் இளப்பமாகப் பேச, மூன்றே மாதத்தில் அவருக்கு ஓர் அரண்மனை எழுப்பிக் காட்டுவதாகக் கிளியோபாட்ரா பந்தயம் கட்டுகிறாள். அந்தப் பொறுப்பு, கோணல்மாணலாகக் கட்டுவதற்கே பெயர்போன நுமெரோபிஸ் தலையில் விழுகிறது. உதவிக்கு அவன், இன்றைய பிரான்ஸான கால் நாட்டிலிருந்து மந்திரவாதி பனோரமிக்ஸையும், அவருடைய ஊர் வீரர்களான அஸ்டெரிக்ஸையும் ஓபிலிக்ஸையும் அழைத்து வருகிறான். முடித்தால் பொன், முடிக்காவிட்டால் முதலை. “மூணு மாசத்துல அஸ்திவாரமே செட்டாகாதேடா!” என்று அப்பா பதறிப்போனார். அதன்பிறகு ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலைத் தூக்குக்குண்டு போல நீட்டி, திரையில் தெரிந்த தூண்களுக்கு மட்டம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

படத்தின் உயிர் எனக்கு அந்த வேலைத்தளத்தில்தான் இருக்கிறது. வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி ஆட்கள் கேட்பதும், பனோரமிக்ஸ் காய்ச்சிக் கொடுத்த மந்திரக் கஷாயத்தைக் குடித்துவிட்டுப் பாறைகளைப் பஞ்சுபோலத் தூக்குவதும், சாந்துச்சட்டி சுமந்தவர்கள் வீட்டில் வெறும் வேடிக்கையாக நின்றுவிடுவதில்லை. ஜமெல் தெபூஸ் நுமெரோபிஸின் பயத்தையும் வீம்பையும் ஒரே மூச்சில் கொட்டுகிறார். அந்தக் குரலுக்காகவே ஆங்கிலக் குரல்மாற்றத்தைத் தவிர்த்து, பிரெஞ்சிலேயே வசன வரிகளோடு பார்க்க வேண்டும். ஒரே எண்ணில் இரண்டாவது வாசல் வந்தால் நாம் ‘12ஏ’ என்று எழுதுவதுபோல் பிரெஞ்சுக்காரர்கள் ‘12 பிஸ்’ என்று எழுதுவார்கள். ‘நுமெரோ’ என்றால் பிரெஞ்சில் எண்; கட்டடக்காரரின் பெயரிலேயே அந்தக் கதவு எண் ஒளிந்திருக்கிறது. மாடிப்படிக்கு மாற்றாக ஓர் ஏறுபெட்டியைக் கனவு காணும் எழுத்தருக்கு ஓட்டிஸ் என்று பெயர். லிஃப்டில் அந்தப் பெயரைப் படித்தவர்கள் உடனே சிரித்துவிடுவார்கள்.

குறையும் உண்டு. ழெரார் தெபார்தியூவின் ஓபிலிக்ஸ் ஸ்பிங்க்ஸின் மூக்கை உடைக்கும் இடம் போகச் சிரிக்க வைப்பது குறைவு. அஸ்டெரிக்ஸோ தன் கதையிலேயே விருந்தாளிபோல் நிற்கிறார். நுமெரோபிஸும் அவனுடைய போட்டியாளன் அமோன்போஃபிஸும் குங்ஃபூ போடும் சண்டை நீளம்.

மூலப் புத்தகத்தின் அட்டை, 1963இல் வந்த பிரம்மாண்டமான கிளியோபாட்ரா படத்தின் விளம்பரத்தைக் கேலி செய்து, இதை வரைய 14 லிட்டர் மை செலவானது என்று பெருமை பேசும். அந்தக் கேலியைப் படமாக்க மொராக்கோவின் வர்ஸாஸாத்தில் உண்மையாகவே அரங்கம் எழுப்பியிருக்கிறார்கள், உடைகளுக்குப் பிரெஞ்சுத் திரையுலகின் ‘சீசர்’ விருதும் வாங்கியிருக்கிறார்கள். அரண்மனை முழுதாக எழுந்து நின்ற காட்சியை அப்பா நிறுத்தச் சொன்னார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், இடக்கோடித் தூணிலிருந்து வலக்கோடி வரை விரலால் நூல் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஓட்டச் சொன்னார்.