உரக்கடை சிட்டி கம்போஸ்ட் மூட்டை: தக்காளிக்கு எதற்கு, எவ்வளவு?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் தொழு உரம் கிடைக்காத தக்காளிக்காரர்களுக்கு உரக்கடையில் இருக்கும் மாற்று, நகரக் குப்பையை மக்கவைத்துத் தயாரிக்கும் 50 கிலோ சிட்டி கம்போஸ்ட் மூட்டை. தாராளமாக வாங்கலாம். ஆனால் "இதைப் போட்டால் ரசாயன உரம் பாதி போதும்" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி இதில் குறைந்தது தழைச்சத்து 0.8 சதம், மணிச்சத்து 0.4, சாம்பல் சத்து 0.4 இருக்க வேண்டும். 20 மூட்டை, அதாவது ஒரு டன் போட்டால் கிடைப்பது 8, 4, 4 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலேயே 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. வீரிய ஒட்டுத் தக்காளிக்கு கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 200:250:250 கிலோ. ஏக்கருக்கு 80:100:100 கிலோ. கம்போஸ்ட் தரும் 8 கிலோவும் முதல் பயிருக்கே முழுசாக வந்து சேராது.

அப்புறம் எதற்கு வாங்குவது? மண்ணுக்கு. சித்தூர் தாலுகாவின் கறுப்பு மண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் களியாகும். வேர்ப்பகுதியில் ஈரம் ஏறி இறங்காமல் நிற்க மக்கிய சத்து வேண்டும். அதை எந்தக் காம்ப்ளக்ஸ் உரமும் தராது. இந்த மூட்டைக்குக் கொடுக்கிற காசு அதற்குத்தான்.

மொத்தமாக வாங்கும் முன் ஒரு மூட்டையில் இரண்டு சோதனை. 100 கிராம் எடுத்து வெயிலில் பரப்பி, எடை இறங்குவது நிற்கும்வரை காயவிடுங்கள். 75 கிராமுக்குக் கீழே போனால் ஈரம் 25 சத வரம்பைத் தாண்டிவிட்டது. தண்ணீரை எடை போட்டு விற்றிருக்கிறார்கள். அடுத்து, ஒரு கை அள்ளி நனைத்து, பாலிதீன் பையில் இறுக்கக் கட்டி மூன்று நாள் வையுங்கள். பிரித்தால் மழை பெய்த மண் வாசம் வரவேண்டும். புளித்த வாடையோ மூக்கைக் குத்தும் அமோனியாவோ வந்தால் அது மக்காதது, திருப்பிக் கொடுங்கள். மக்காததை வரப்போரம் கொட்டிவைத்து இரண்டு மாதம் கழித்துப் போடலாம் என்றால் சரி. அப்படியே நடவுக்கு முன் போட்டால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தின்றுவிடும். நட்ட நாற்று வெளுக்கும். வெளுத்ததைப் பார்த்து யூரியாவைக் கூட்டுவார்கள். மக்கி முடிந்ததும் பிடித்து வைத்த தழைச்சத்தும் போட்ட யூரியாவும் ஒன்றாக வர, செடி கொழுத்துப் பூ கொட்டும். தக்காளியில் கம்போஸ்ட்டுக்கு வரும் கெட்ட பெயரில் பாதி இதனால்தான்.

கண்ணாடிச் சில்லு, பிளாஸ்டிக் துணுக்கு இன்னும் வருகிறது. 4 மில்லிமீட்டர் சல்லடையில் 90 சதம் இறங்க வேண்டும் என்பது விதி. கலக்கும்போது கையுறை போடுங்கள்.

நடவுக்கு ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். ஏக்கருக்கு 20 மூட்டை கம்போஸ்ட்டையும் 9 மூட்டை சூப்பர் பாஸ்பேட்டையும் நிழலில் அடுக்கடுக்காகக் குவித்து, தண்ணீர் தெளித்து, மேலே ஈரமண் பூசி 30 நாள் விடுங்கள். மணிச்சத்தில் முக்கால் பங்கு இதிலேயே முடிந்துவிடும். சுண்ணாம்பு மண்ணில் சூப்பரைத் தனியாக வீசினால் சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். கம்போஸ்ட்டோடு போனால் வேருக்குக் கிடைப்பது கூடும். வயல் முழுக்க இறைக்காமல் நடவு வரிசையில் ஒரு சாண் ஆழத்தில் போட்டு, மண்ணோடு கிளறி, இரண்டு தண்ணீர் விட்டு நடுங்கள். ஜிங்க் சல்பேட்டை இந்தக் குவியலில் சேர்க்கக் கூடாது. சூப்பரோடு சேர்ந்தால் துத்தநாகம் கரையாமல் கட்டிக்கொள்ளும். அதை மணலில் கலந்து தனியாக இடுங்கள். கம்போஸ்ட்டில் அடுப்புச் சாம்பல் கலந்து யூரியாவும் போடுவது இன்னொரு தப்பு: தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.

யூரியா ஏக்கருக்கு மொத்தம் நான்கு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. சொட்டுநீர் இருந்தால் வாரவாரம் சிறுகச் சிறுகக் கொடுங்கள். மீதி மணிச்சத்துக்கு, தண்ணீரில் கரையும் 12:61:0 (தழை, மணி, சாம்பல் சத்து சதத்தில்) உரம் சரி. அதில் வரும் தழைச்சத்தை யூரியாவில் கழித்துக்கொள்ளுங்கள். 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) போட்டாலும் அதே கணக்கு. சாம்பல் சத்துக்குச் சிவப்புப் பொட்டாஷ் மலிவுதான். ஆனால் போர்த் தண்ணீர் உப்பாக இருந்து, கம்போஸ்ட்டிலும் உப்பு ஏறியிருந்தால் இலை விளிம்பு கருகும். அங்கே 0:0:50 (பொட்டாசியம் சல்பேட்) போடுங்கள், செலவு கூடினாலும்.

காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கினால் பூச்சி மருந்துக்கு ஓடவேண்டாம். அது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராத கோளாறு. மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருந்தும் வரும். நான்கு நாள் காயவிட்டு ஒரே நாளில் முக்கத் தண்ணீர் விடுவதும், யூரியாவைக் கூட்டுவதும் காரணம். வரிசையில் கம்போஸ்ட் இருந்தால் ஈரம் நிலையாக இருக்கும், கறுப்பும் குறையும். கால்சியம் நைட்ரேட் விடுவதானால் தனி நாளில், தனியாக விடுங்கள். 12:61:0, 0:0:50, மெக்னீசியம் சல்பேட் எதனோடும் ஒரே டேங்கில் கலந்தால் வெள்ளையாகத் திரிந்து சொட்டுவான் அடைத்துக்கொள்ளும்.